மார்பளவு

யாசிகா கேமரா வேண்டாம் என்றேன். அதில் லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது.

ஷானவாஸ் பாய் அதை உறையில் போட்டுவிட்டு மாமியா என்ற இன்னொன்றை எடுத்தார். கம்பத்தில் அவருடைய ஸ்டுடியோவும் டிஜிட்டலுக்கு மாறிவிட்டது. பழைய பிலிம் கேமராக்களை வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பிலிம் எவ்வளவு பெரியது என்று கேட்டேன். ஆறு சென்டிமீட்டர் சதுரம் என்றார். ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தார்.

எண்பது எம்எம் லென்ஸைப் பொருத்தினார். மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் கண்ணில் பார்க்க வேண்டும். கீழ்க் கண் படம் எடுக்கும். குனிந்து பார்த்தேன். எதிர்ச் சுவரின் காலண்டர் இடம் வலம் மாறித் தெரிந்தது.

முகம் நிறைய வேண்டும் என்றேன். மார்பளவு. ஒரே ஆள். பின்னால் வெறும் சுவர்.

எண்பதில் அதற்கு ரொம்பக் கிட்டே போக வேண்டும், பார்ப்பது ஒன்றும் விழுவது ஒன்றுமாகி உச்சந்தலை வெட்டுப்பட்டுவிடும் என்றார். நூற்று முப்பத்தைந்து எம்எம் லென்ஸ் என்றால் தள்ளி நின்றே எடுக்கலாம்.

எல்லாம் சேர்ந்தால் என் இரண்டு மாதச் சம்பளம். பரவாயில்லை என்றேன்.

லென்ஸை மாற்றச் சொன்னேன். மறுபடி எண்பதைப் போடச் சொன்னேன். வாசலுக்குப் போய் பஸ்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

இவ்வளவு பெரிய நெகட்டிவ் எதற்கு என்று கேட்டார்.

சொன்னேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில் என் மனைவி எல்லாப் படத்திலும் தலை குனிந்திருந்தாள். காமயகவுண்டன்பட்டியில் யாரோ ஒருவர் கல்யாணத்தில், முப்பது பேருக்கு நடுவே, மூன்றாவது வரிசையில் ஒரே ஒரு முறை நிமிர்ந்திருந்தாள். சின்ன நெகட்டிவ். அதிலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கித்தான் மாலை போட்டோம். கிட்டே போனால் கண் இருக்கும் இடத்தில் வெறும் புள்ளிகள்.

இன்னொரு முறை அப்படி ஆகக் கூடாது என்றேன்.

பாய் தலையசைத்தார். நூற்று முப்பத்தைந்தைத் துணியால் துடைத்தபடியே கேட்டார்.

“வீட்ல பெரியவுக யாரும் முடியாம இருக்காகளா தம்பி?”

இல்லை, எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன். படம் மகளுக்கு. வருகிற ஆனியில் மூன்று வயது.

துடைத்த கை நின்றது.

லென்ஸுக்கு முன்னும் பின்னும் மூடியைப் போட்டார். பெட்டிக்குள் வைத்தார். பெட்டியை மேல் தட்டில் ஏற்றினார். எண்பது மாட்டிய கேமராவை மட்டும் என் பக்கம் நகர்த்தினார்.

“அது விக்கிறதுக்கில்ல. பிள்ளய நிப்பாட்டாதீக, ஓட விட்டு எடுங்க. மொகம் கலங்குனா கலங்கிட்டுப் போகுது.”

கேமராவைக் கையில் எடுத்தேன். லென்ஸைச் சுற்றியிருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

ஷட்டர் வேகத்தை ஐந்நூறில் வைத்தால், ஓடினாலும் முகம் அசங்காமல் விழும்தானே என்று கேட்டேன்.