பேஸ் கொஞ்சம் அதிகம்

"இதுல பேஸ் கிட்டாரைத் தவிர வேற ஏதாச்சும் காதுல விழுதா? நீயே சொல்லு க்ரிஷ்!" என்று ரிமோட்டை சோபாவில் எறிந்தான் சபரி.

"ஸீரோ ப்ரோ. வாஷிங் மெஷின்ல செங்கல்லைப் போட்டு ஓட்டின மாதிரி இருக்கு" என்று சிரித்தான் க்ரிஷ்.

மில்பிடாஸ் நகரில் சபரியின் வீட்டு ஹாலில் சனிக்கிழமை மதியப் பஞ்சாயத்து. விஷயம் இதுதான். 'ஆஷ் டிராக்டர்' என்ற த்ராஷ் மெட்டல் இசைக்குழு, தன் ஆரம்ப காலத்தில் இதே பே ஏரியா வட்டாரத்தின் ஒரு சின்ன கிளப்பில் வாசித்ததை லைவ் ஆல்பமாக வெளியிட்டிருந்தது. கிட்டாரில் பொறி பறக்க வாசித்திருந்தார்கள். என்ன பிரயோஜனம்? ஒலிகளைக் கலந்து மிக்ஸிங் செய்த புண்ணியவான் பேஸை, அந்தக் கனத்த அடிநாதத்தை, தூக்கி வைத்து மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டார்.

இத்தனை வருஷம் கழித்து அந்த ஆல்பத்தை மறுபடி வெளியிடப் போகிறார்கள். பேஸைக் குறைக்கலாமா, அப்படியே விடலாமா என்று ரசிகர் குழுக்களைக் கேட்டிருந்தார்கள். குழுவுக்கு ஒரு ஓட்டு. இன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

சபரியின் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் குறைக்கத்தான் சொன்னார்கள். ஒரே ஒருவர் மட்டும் குறுக்கே விழுந்து மறித்தார். சான்டா கிளாராவில் இருக்கும் முகிலன். தயவு செய்து தொடாதீர்கள் என்று பத்தி பத்தியாக எழுதுவார். ஆனால் சபரி ஃபோன் பண்ணினால் எடுக்க மாட்டார். வாய்ஸ் மெசேஜ் போட்டால் பதிலே வராது. பெரிய ரசிகர் என்ற தலைக்கனம் என்று சபரிக்கு ஏகக் கடுப்பு. நேரில் பேசித் தீர்த்துவிடலாம் என்றுதான் இன்று வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தான்.

வந்தார். வாசலிலேயே கணீரென்று உரத்த குரலில், "வணக்கமுங்க!" என்றார். மெட்டல் கேட்கிறவர்கள் கிசுகிசுவென்றா பேசுவார்கள் என்று சபரி நினைத்துக்கொண்டான்.

"வாங்க, சோபால உக்காருங்க."

"இல்லீங்க, எனக்கு இதான் வசதி" என்று கார்ப்பெட்டில் சம்மணமிட்டு, பேஸை அதிரவைக்கும் பெரிய வூஃபர் ஸ்பீக்கர் பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டார் முகிலன்.

அவருக்குப் பின்பக்கமிருந்த கிச்சனிலிருந்து சபரியின் மனைவி வான்மதி, "அண்ணா, டீங்களா, காபிங்களா?" என்று இரண்டு தரம் கேட்டும் மனிதர் திரும்பவே இல்லை. வான்மதி சபரியின் அருகில் வந்து, "ஏனுங்க, பதில் சொன்னா கொறஞ்சா போயிருவாரு உங்க ஃப்ரெண்டு?" என்று காதைக் கடித்துவிட்டுப் போனாள்.

சபரி அவருக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அந்த பேஸ்ல அப்படி என்னதாங்க இருக்குது? மிக்ஸிங் பண்ணுனவன் பண்ணுன தப்புங்க அது."

"தப்புதாங்க. ஆனா அந்தத் தப்பைப் பண்ணுனவரை நான் தெனமும் கும்புடறேன்."

"கிண்டல் பண்றீங்களா?"

"சத்தியமா இல்லீங்க. காலேஜ்ல இவங்க ஆல்பம் ஒண்ணு விடாம உசுரா கேட்டவன் நான். இப்ப அதெல்லாம் எனக்கு ஒண்ணுமே பண்றதில்ல. இது ஒண்ணுதான் மிச்சம். இதையும் எடுத்துறாதீங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. சபரிக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக ஒரு ஆளின் பிடிவாதத்துக்காக ஊரே அந்தச் செங்கல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? ரசனை முற்றிப்போனால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டான்.

"பேண்ட் ஒரு சாம்பிள் அனுப்பியிருக்கு. ஹாஃப் சாங் ஓல்ட் மிக்ஸ், தென் பேஸ் கம்மி பண்ண நியூ மிக்ஸ். லெட்ஸ் ஜஸ்ட் பிளே இட்" என்றான் க்ரிஷ்.

சபரி வால்யூமை முழுசாக ஏற்றினான்.

பழைய பேஸ் திமுதிமுவென்று புறப்பட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முகிலன் கண்களை மூடி, உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு பாட்டு ஒரு மனுஷனை இப்படிச் சந்தோஷப்படுத்துமா என்று சபரிக்கே பொறாமையாக இருந்தது.

பாட்டு பாதியில் புது மிக்ஸுக்கு மாறியது. அடேயப்பா! இத்தனை வருஷம் அமுங்கிக் கிடந்த கிட்டார்கள் கத்தி தீட்டுவது போலக் கிளம்பின. பாடகனின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. க்ரிஷ் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தான். வான்மதி காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, "பக்கத்து வீட்டுக்காரங்க போலீஸைக் கூப்பிடப் போறாங்க!" என்று கத்தினாள். சபரிக்குக் கையெல்லாம் புல்லரித்தது. இதற்காகத்தானே காத்திருந்தான்! இப்போது என்ன சொல்கிறீர்கள் என்பது போல முகிலனைப் பார்த்தான்.

முகிலனின் சிரிப்பு மறைந்திருந்தது. கண்ணைத் திறந்து, பெட்டியை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, குழப்பத்தோடு சபரியிடம் கேட்டார்:

"ஏனுங்க, பாட்டை நிறுத்திட்டீங்க?"

கிட்டார் இன்னும் வீட்டையே பிளந்துகொண்டிருக்க, முகிலனின் கண்கள் பதிலுக்காகத் தன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பதை சபரி அப்போதுதான் கவனித்தான். லேப்டாப்பை இழுத்து, 'பேஸை இம்மியளவும் குறைக்காதீர்கள். மிக்ஸிங் செய்தவருக்கு எங்கள் நன்றி' என்று அடித்து அனுப்பினான்.