கேட்டுப் பார்க்கும் அறை

இரண்டாவது சரணத்தில் செசீலியா கண்ணை மூடிக்கொண்டாள்.

கனகசிங்கத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. கண்ணை மூடுகிறவர்கள் வாங்குவார்கள். ஸ்பீக்கரைத் தட்டிப் பார்க்கிறவர்கள் வாங்கவேமாட்டார்கள். இருபது வருடமாக இந்த வியாபாரத்தில் அவன் கண்டது இது.

பாட்டுச் செட் விற்கும் அவன் கடையின் பின்னறை அது. சுவர் நெடுகத் தும்பு மெத்தை அடித்து, தரையில் சோக்கால் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி போட்டிருந்தான். கேட்கிறவர் உட்காரும் கதிரை அந்தப் புள்ளடியில் இருந்தால்தான் பாடுகிறவர் நேர் முன்னால் நின்று பாடுவது போலக் கேட்கும். காலையிலிருந்து கரண்ட் இல்லை. அவளுக்காகவே ஜெனரேற்றரைப் போட்டிருந்தான், வரிசையில் நின்று வாங்கிய பெற்றோலில்.

தன்னாமுனைத் தேவாலயத்தில் ஞாயிற்றுப் பூசை முடிந்து நேரே வந்திருந்தாள். என்.ஜி.ஓ. ஒன்றின் கந்தோரில் வேலை, கோயிலில் பாடுகிறவள். பாட்டுத் தட்டையும் தானே கொண்டு வந்திருந்தாள்.

மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில் ஷெல் விழுந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. இவன் சத்தத்தை ஒரு மயிரிழை கூட்டினான்.

தை மாதமே கடையைப் பூட்டியிருக்க வேண்டியவன். தேற்றாத்தீவில் நெல் ஆலை வைத்திருக்கும் மனைவி புஸ்பத்தின் தமையன், பங்கு தருகிறேன், வந்து பார்த்துக்கொள் என்று கேட்டிருந்தார். புஸ்பம் பாதிச் சாமானைக் கட்டியும் வைத்துவிட்டாள்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஜெயராஜா போன் எடுத்தான். இருவரும் சேர்ந்து தொடங்கிய கடை. கடை எரிந்த வருடம் ஜெயராஜா கொழும்புக்குப் போனான். இவன் கரியைக் கூட்டி அள்ளிவிட்டுத் திரும்பத் திறந்தான். அன்றிலிருந்து சாமான் அனுப்புகிறவன் அவன், விற்கிறவன் இவன்.

"பூட்டிராத மச்சான். ஞாயிற்றுக்கிழமையும் திற. சனம் வரும், இருந்து பாரன்."

அந்த ஒரு பேச்சுக்காக இவன் ஆலையை வேண்டாமென்றான். தமையன் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். புஸ்பம் ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த மாதம் ஜெயராஜா ஆளே வந்து இறங்கினான், புதுச் செட் ஒன்றோடு. வெலிக்கந்தைச் சோதனைச் சாவடியில் ஒவ்வோர் ஆணியாகக் கழற்றிக் காட்டி, திரும்பப் பூட்டிக் கொண்டு வந்த செட்; இப்போது பாடுகிறதும் அதுதான். இதை விற்காதே, காட்டுவதற்கு வைத்திரு என்றான். இப்படி ஒரு சிநேகிதன் யாருக்கு வாய்ப்பான்? செட்டுக்கு இரு பக்கமும் நின்று இருவரும் படம் பிடித்துக்கொண்டார்கள்.

அவன் சொன்னபடியே சனம் வந்தது. ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடைக்குப் பெரியகல்லாற்றிலிருந்து ஒரு வங்கி மனேஜர் வந்தார். ஒரு டொக்டர் வந்தார், மனைவியோடு. எல்லாரும் செட்டின் பெயரைச் சொல்லியே கேட்டார்கள். ஒருவர்கூட விலை கேட்கவில்லை. விலை கேட்காத பெரிய மனிதர்கள் தன் கடைக்கு வருகிறார்கள் என்று இவன் அதையும் ஒரு பெருமையாக எடுத்துக்கொண்டான்.

தேத்தண்ணி குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். ஐந்து மாதமாக யோசிக்கிறார்கள். நாடு கிடக்கிற கிடையில் யாருக்குத்தான் பயமிருக்காது என்று இவனே அவர்களுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

பாட்டு முடிந்தது. செசீலியாவின் கண் கலங்கியிருந்தது.

"இதுதான் அண்ணன். இதையே எடுக்கிறன்."

உள்ளே குசினியில் கோப்பை கிலுங்கிற்று. புஸ்பத்துக்கும் கேட்டுவிட்டது. கனகசிங்கம் ஓடர் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, அவள் பெயரை எழுதத் தொடங்கினான்.

"ஐயோ, நீங்க எழுதத் தேவல்ல அண்ணன். நாளைக்குக் கந்தோருல இன்ரநெற்றுல ஓடர் போட்டிருவன். கொழும்பிலிருந்து நேர வீட்டுக்கே அனுப்புவாங்களாம். நீங்க அவங்கட ஆள்தானே?"

கைப்பையிலிருந்து நாலாய் மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். இன்ரநெற்றில் இருந்து அச்செடுத்தது.

செட்டின் படம். பின்னால் தும்பு மெத்தை. இவன் சொல்லும் விலையை விட நன்றாகக் குறைந்த விலை. படத்தின் இரு பக்கமும் நின்றவர்களை வெட்டி எடுத்திருந்தார்கள். வலது ஓரத்தில் மட்டும் ஒரு கை மிச்சமிருந்தது, செட்டின் மேல், மஞ்சள் தூசித் துணியோடு.

துணி இப்போதும் இவன் தோளில்தான் கிடந்தது.

கீழே இருந்த போன் நம்பருக்குப் பெயர் தேவைப்படவில்லை. இவனுக்கு மனப்பாடமான கொழும்பு நம்பர். வேறு எவனாவது செய்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பான். இது, எரிந்த கடையில் இவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதவன் செய்தது.

அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலம். இவன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

வாங்குமுன் கேட்டுப் பார்க்க, மட்டக்களப்பில் எங்கள் அறை. கட்டணம் இல்லை. ஞாயிறும் திறந்திருக்கும்.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு புஸ்பம் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தாள். தைக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவள் முகத்தில் சிரிப்பு. சீனியும் கூடப் போட்டிருந்தாள்.

செசீலியா கோப்பையை எடுத்துக்கொண்டு, இவன் படிக்காமல் விட்ட கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இதையும் போட்டிருக்காங்க அண்ணன். தேத்தண்ணியும் தருவாங்க எண்டு."