ஏழாம் இலக்க வீடு

“இருபது வீட்டுல பத்தொம்பது வந்திருக்கு. ஏழாம் நம்பர் படிவம் மட்டும் ஏன் வெறுமையாக் கிடக்கு?”

மேற்பார்வையாளர் நிப்றாஸ் படிவத்தைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். கண்டியிலிருந்து கல்முனைக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம். இந்த ஒரு மாதத்தில் மின்விசிறிக்குக் கீழிருந்து அவர் எழுந்தது சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும்தான். ஆனாலும், முன்பிருந்த ஊரில் ஒரு வீடு விடாமல் மறுமொழி வாங்கியவர் என்று கொழும்புத் தலைமை அலுவலகம் அனுப்பிய பாராட்டுக் கடிதம் அவருடைய மேசைக் கண்ணாடிக்குக் கீழே பளபளத்தது.

“அந்த ஊட்டுக்கு எழுதக் கை வரல்ல சேர்” என்றான் ஸலாஹுதீன். யார் யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும் தற்காலிக வேலை அவனுக்கு. ஏறாத படியெல்லாம் ஏறி இறங்கிய பிறகு கிடைத்தது.

“கை வரல்லயா? பஞ்சி, சோம்பல் எண்டு சொல்லுங்க. கொழும்பு தந்த பட்டியல். வீட்டை மாத்தவும் ஏலாது, விடவும் ஏலாது.”

“பட்டியல் நாலு வருசத்துக்கு முந்தின குடிசனக் கணக்கெடுப்புல எடுத்தது சேர். அதுல...”

“பட்டியல்ல குத்தம் பிடிக்க வேணாம். நேத்து நானே போனன்.”

ஸலாஹுதீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏழாம் நம்பருக்கா?”

“வேற எங்க? மறுபரிசோதனை செய்யிறது என்ட கடமை.” அவருடைய விரல் பட்டியலில் ஊர்ந்தது. “வீட்டுக்காரர் ஆதம்பாவா எண்டவர் வீட்டுல இல்ல. மகள்... றாஹிலாதான் மறுமொழி சொன்னா.”

ஸலாஹுதீன் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டான். “அவ எப்பிடி இரிக்கா சேர்?”

“அவக்கென்ன, நல்லா இருக்கா. தேத்தண்ணியும் ஊத்தித் தந்தா. போன கிழமை ஒரு மணித்தியாலம் தையல் தைச்சாவாம். சட்டப்படி அது போதும்தானே? ‘தொழில் செய்பவர்’ எண்டு போட்டாச்சி.”

“சிரிச்சாவா சேர்?”

“இது என்ன கேள்வி? ஓம், சிரிச்சா.”

ஸலாஹுதீனுக்கு இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போலிருந்தது.

“புருசனப் பத்தி ஏதும் சொன்னாவா?”

“அவன் சரியான சோம்பேறியாம். எங்கயோ சுத்தித் திரியிறானாம். ‘தொழில் இல்லை, தேடவும் இல்லை’ எண்டு எழுதியிருக்கன்.” நிப்றாஸ் படிவத்தையும் பேனையையும் அவன் பக்கம் தள்ளினார். “விசாரிச்சவர் கையொப்பம் நீங்க வைக்கணும். வைக்காட்டி நாளைக்கு வேலைக்கு வர வேணாம்.”

ஸலாஹுதீன் பேனையைக் கையில் எடுத்தான். வேலை போனால் திரும்பவும் அகதி முகாமில் நிவாரண வரிசைதான். வெகு நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் பேனையை மூடி வைத்தான்.

“புருசன்ட விசயம் பிழை சேர். அவன் நாயா அலைஞ்சி இந்த வேலையில சேர்ந்து, இப்ப ஒங்களுக்கு முன்னால இரிக்கான். றாஹிலாவையும் மாமாவையும் அந்த ஊட்டையும் சுனாமி கொண்டு போய் எட்டு மாசமாகுது.”

நிப்றாஸ் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, ‘தொழில் செய்பவர்’ என்பதை நேர்கோடு போட்டு வெட்டினார்.

“சரி, அவக்கு ‘வேலை தேடவில்லை’ எண்டு மாத்திட்டன். இப்ப கையொப்பத்த வைங்க.”