பளிச்சென்று ஒரு பை

“இதைவிடப் பளிச்சுன்னு ஒண்ணு காட்டுங்கண்ணா. தூரத்துல பார்த்தாலே உள்ளே கேமரா இருக்குன்னு தெரியணும்.”

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபது வருஷமாகக் கேமராப் பை விற்கிறார், இப்படி யாரும் கேட்டதில்லை. ஊர் ஊராய்ப் போகிற கேமராக்காரர்கள் வாங்குகிற பையைப் பார்த்தால், உள்ளே அழுக்குத் துணி இருக்கிறது என்றுதான் தோன்றும். கம்பெனிப் பெயர் தெரிந்தால்கூட அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவார்கள்.

“தங்கச்சி, அது திருடனுக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிற மாதிரி ஆயிடுமே!”

அவள் சிரிக்கவில்லை. பத்திரிகைப் போட்டோகிராபரின் மனைவி அவள். கடைச் சுவரில் மாட்டியிருக்கிறதே, குண்டு விழுந்து பாதி எரிந்த தெரு, அந்தப் படம் அவள் புருஷன் எடுத்ததுதான். அவர் தன் கடைக்கு வருகிறார் என்பதில் கடைக்காரருக்குத் தலைகால் தெரியாத பெருமை.

“நாளைக்குக் காலையில ரயில். இந்தத் தடவை நானே பை வாங்கி, நானே அடுக்கித் தரேன்னு சொல்லியிருக்கேன்.”

சரி, ஆசை மனைவி என்று சிவப்புப் பை ஒன்றை இறக்கினார். “இதுல நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டிக்கிற பட்டை இருக்கு. யார் இழுத்தாலும் வராது.”

“அப்போ இது வேண்டாம். வெறும் கைப்பிடி மட்டும் இருக்கிறதா குடுங்க.”

“ஜிப்புக்குப் பூட்டாவது போட்டுத் தரட்டுமா?”

“வேண்டாம்.”

இவள் பை வாங்க வந்தவளாகத் தெரியவில்லையே! ஏணியில் ஏறி இன்னொரு சிவப்புப் பையைத் தேடுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“சிவப்புப் பை. பார்த்ததுமே தெரியும். ரயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுடணும். அவர் மேல ஒரு கீறல் விழக் கூடாது, சொல்லிட்டேன்.”

அடப் பாவமே! கூட்டாளி வேறு இருக்கிறானா? கத்தி எடுக்கிறவன் கீறலைப் பார்த்துக்கொண்டா நிற்பான்? கடைக்காரர் ஏணியிலிருந்து இறங்கினார். ஒன்றும் தெரியாதவர்போலப் பையைத் துடைத்துக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவள் தெருமுனை திரும்பியதும் போட்டோகிராபருக்குப் போன் போட்டார்.

நடந்ததை முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு குடும்பத்தைக் கலைத்த பாவம் நமக்கெதற்கு? “சார், வீட்டுல வாங்கின பை உங்களுக்கு ஆகாது. காலையில ஸ்டேஷனுக்குப் போறப்போ நம்ம கடைப்பக்கம் வந்துட்டுப் போங்க. வீட்டுல சொல்லாதீங்க” என்று மட்டும் சொன்னார்.

விடிந்ததும் அவர் வந்து நின்றார். கையில் சிவப்புப் பை. “அவ மனசு நோகக் கூடாதேன்னுதான் தூக்கிட்டு வந்தேன். இதைப் பிடிச்சுக்கிட்டு சண்டை நடக்கிற இடத்துக்குப் போனா ஊரே சிரிக்கும்.”

இருவருமாக மேஜைமேல் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்கள். இரண்டு கேமரா, மூன்று லென்ஸ், முனையில் டேப் ஒட்டிய பேட்டரிகள், மெமரி கார்டு டப்பா. ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறத்து மட்டமான பை ஒன்றுக்கு மாறின. கடைக்காரர் தன் கையாலேயே அதை அவர் தோளில் போட்டு, நெஞ்சுப்பட்டையை இறுக்கி மாட்டினார்.

“இனிமே உங்களைத் தூக்கினாத்தான் சார் இதைத் தூக்க முடியும்.”

“நல்லதாப் போச்சு. இந்தத் தடவை ரொம்ப உள்ளே போறேன்” என்று சொல்லிவிட்டு அவர் ஸ்டேஷனுக்கு நடையைக் கட்டினார். சிவப்புப் பை கடையிலேயே கிடந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று கடைக்காரர் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

பதினெட்டு நாள் கழித்து அவள் வந்தாள். கையில் அந்தச் சாம்பல் நிறப் பை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டாத குறையாகத் தயாரானார்.

“நீங்கதானே மாத்திக் குடுத்தது?”

“நான்தான். நீங்க போன்ல பேசினதை என் காதாலயே கேட்டேன். யாரும்மா அந்த ஆளு?”

“என் தம்பி” என்றாள். “கூடப் பிறந்தவனையே திருடச் சொல்லி ஸ்டேஷன்ல நிறுத்தினேன். முகத்தை மூடிக்கிட்டு, ரயில் போற வரைக்கும் கூட்டத்துல சிவப்புப் பையை மட்டும் தேடிட்டு வெறுங்கையோட வந்தான்.”

கடைக்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பழக்கதோஷம், பையைத்தான் பார்த்தார். “சாமானெல்லாம்… பத்திரமா இருக்கா?”

அவள் ஜிப்பைத் திறந்து காட்டினாள். வைத்தது வைத்தபடி இருந்தது. நெஞ்சுப்பட்டையை மட்டும் யாரோ கத்தரியால் வெட்டி எடுத்திருந்தார்கள்.

“நேத்து பத்திரிகை ஆபீஸ்லேர்ந்து கொண்டுவந்து குடுத்தாங்க. பை மட்டும்தான் வந்திருக்கு.”

கடைக்காரர் பட்டை வெட்டுப்பட்ட இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அவள் அழவில்லை, அவரைத் திட்டவும் இல்லை. பையை மேஜைமேல் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“கேமரா தொலைஞ்சிருந்தா, அவர் அன்னைக்கே வீட்டுக்குத் திரும்பியிருப்பாருண்ணா.”