திங்கள், புதன், வெள்ளி

"மிஸி, இவரு நெஞ்சுக்கு மருந்து குடுத்தீங்க, சரி. மண்டக்கனத்துக்கு ஏதாச்சும் இருந்தா அதையும் குடுங்க."

கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற நர்ஸ் நஜிஹா நிமிர்ந்து பார்த்தாள். எதிரே மேவிஸ். பக்கத்து நாற்காலியில் அவள் புருஷன் அல்போன்ஸ், யாரைப் பற்றியோ பேச்சு என்பதுபோலச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆண்டி, அங்கிளோட சண்டையா?"

"சண்டை போட்டாத்தான் தேவலையே! நாலு மாசமாச்சு மிஸி, எங்கூட முகங்கொடுத்து ஒரு பேச்சுப் பேசி. சோறு போட்டா சிரிப்பாரு. கூரை மேல மரம் சாயுதுன்னு கத்துனாலும் அதே சிரிப்பு."

வரிசையில் நின்ற நாகப்பன் பல்லைக் காட்டினார். "நாப்பது வருசம் உன் பேச்சக் கேட்டாச்சு. மனுசனுக்குக் கொஞ்சம் லீவு குடு லா!"

"நீங்க சும்மா இருங்க, நாகப்பண்ணே. விடியக்காலம் திரிங்காப்புத் தோட்டத்துக்குப் போயி, குளிர்ல முட்டைக்கோசு அடுக்கி லோரி ஏத்திட்டு வர்றேன். வீட்டுல வந்து நாலு வார்த்தை கொட்டலாம்னா, டிவியில பந்து வெளையாட்டு. நான் பேசப் பேச அதத்தான் பாக்குறாரு."

சொல்லும்போதே மேவிஸின் குரல் இறங்கிவிட்டது.

"முன்னெல்லாம் 'வாய மூடுடி, வாயாடி'ன்னாவது வைவாரு. அந்த வசவுக்கே ஏங்கிப் போயிட்டேன் மிஸி."

நஜிஹா அல்போன்ஸின் சிகிச்சை அட்டையைப் புரட்டினாள். தேயிலை ஃபேக்டரியில் தூள் சலித்தே முப்பது வருஷம். நெஞ்சு கெட்டுப்போய், ஓயாத இருமலும் சளியும். அதற்காகப் பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்த அண்டிபயோட்டிக்தான் இந்த மருந்து. காய்ச்சலுக்கு அஞ்சு நாள் தின்று முடிக்கிற கணக்கு இல்லை. திங்கள், புதன், வெள்ளி என்று மாசக்கணக்கில் தின்ன வேண்டும். எட்டு மாசமாக மனுஷர் ஒருநாள்கூடத் தவறவில்லை. இருமலும் அடங்கியிருந்தது.

அவள் எழுந்து போய் அல்போன்ஸின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"அங்கிள்."

அசைவில்லை. கொஞ்சம் உரக்க, "அங்கிள்!"

நாகப்பன்தான் திரும்பினார்.

"ஆண்டி, அவரு மூஞ்சியத் திருப்பிக்கல. அவருக்குக் காது கேக்கல."

மேவிஸ் குனிந்து புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

"இந்த மருந்து சில பேருக்குக் காத மந்தமாக்கும். அப்படி ஆனா ஒடனே வந்து சொல்லணும், நிறுத்திடலாம்னு மொத நாளே டாக்டர் சொல்லியிருக்காரு. நானும் மாசா மாசம் காதத் தொட்டுக் காட்டி எப்படி இருக்குன்னு கேட்டேன். 'நல்லா இருக்கு'ன்னே சொன்னாரு. நீங்க இன்னிக்குத்தானே கூட வர்றீங்க, எனக்கு எப்படித் தெரியும்?"

"இப்ப என்ன செய்யிறது மிஸி?"

"இன்னிக்கி இந்த மருந்து கெடையாது. டாக்டர் காதப் பாக்கட்டும். நெஞ்சுக்கு வேற வழி சொல்லுவாரு."

நஜிஹா மருந்து அட்டையை எடுத்து உள்ளே வைத்தாள். அதைப் பார்த்ததும் அல்போன்ஸ் பதறி எழுந்தார்.

"குடும்மா! அத ஏன் எடுக்குற?"

மேவிஸ் அவர் தோளைப் பிடித்துக் காதோடு வாய் வைத்துக் கத்தினாள். "ஏங்க மறைச்சீங்க? சொல்லியிருந்தா அப்பவே நிறுத்தியிருப்பாங்கல்ல?"

அல்போன்ஸுக்கு மாட்டிக்கொண்டது புரிந்தது. தன் குரல் தனக்கே கேட்காததால், கிளினிக்கே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார்:

"நிறுத்துனா இருமல் வந்துரும் புள்ள. மூணு வருசம் என் இருமல்ல நீ ஒரு ராத்திரி ஒழுங்காத் தூங்கல. இந்த மருந்து தின்ன பெறகுதான் கொறட்ட விட்டுத் தூங்குன. நான் நல்லாக் கேட்ட கடைசிச் சத்தம் அதுதான்... அது போதும்னு இருந்துட்டேன்."