வேம்பார்ப் பெண்ணின் கல்யாணக் கவுன்

தைத்து முடித்துப் பொத்தானும் வைத்தாகிவிட்ட கல்யாணக் கவுனை மிசின் மேல் விரித்துப்போட்டு, அதன் இடுப்புத் தையலைக் கத்தரியால் பிரித்துக்கொண்டிருந்தாள் அல்போன்சா.

நெருப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏளா, என்ன காரியம் செய்யுத? நாளைக்கழிச்சுக் கல்யாணம்லா?"

"தெரியும்க்கா."

"கித்தேரிக்காகப் பழி வாங்குதியா?"

"ஆமா." அல்போன்சா தலை நிமிரவில்லை.

"பாவம், அந்தப் பொண்ணு உனக்கு என்ன செஞ்சா?"

"ஒண்ணும் செய்யல. அவளுக்கு ஒண்ணும் வராது. நீங்க நெருப்ப எடுத்துட்டுப் போங்க."

அந்தோணியம்மாளுக்கும் அந்தப் பழி புரியாததல்ல. கித்தேரியைக் கடைசியாகக் குளிப்பாட்டியதே அவள்தானே.

கித்தேரி, அல்போன்சாவின் ஒரே தங்கை. கட்டிக்கொள்வதாக ஆசை காட்டி அவளைக் கெடுத்தவன்தான் இப்போது மாப்பிள்ளையாக நிற்கிற வில்பிரட். வயிற்றில் பிள்ளையோடு நியாயம் கேட்கப் போனவளை, அவன் தாய் பிலோமினா நடுத்தெருவில் நிறுத்தி, "எவன் குடுத்ததோ, அதுக்கு எங்க வீட்டுப் பேரா?" என்று காறித் துப்பினாள்.

கித்தேரி வீடு வந்து சேரவில்லை. மறுநாள் கடல்தான் அவளைக் கொண்டுவந்து போட்டது. தானாகச் செத்தவள் என்று கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள்.

அது யுத்தம் தொடங்கிய வருசம். யுத்தமும் முடிந்துவிட்டது. அல்போன்சாவின் நெஞ்சில் எரிந்தது மட்டும் அணையவில்லை.

கொழும்புப் பாணியில் கவுன் தைக்கத் தூத்துக்குடியில் அவளை விட்டால் ஆளில்லை. அதனால் இந்தக் கல்யாணம் நிச்சயமானதும் பிலோமினாவே பட்டுத்துணியோடு படியேறி வந்தாள். "பழசையெல்லாம் மனசுல வச்சுக்கிடாதளா" என்றாள், கைமாற்றாக வாங்கிய அரிசியைத் திருப்பித்தர மறந்தவள் மாதிரி.

"வச்சுக்கிடல மாமி" என்று அல்போன்சா பட்டை வாங்கிக்கொண்டாள்.

பிலோமினாவின் தலை மறைந்ததும் அந்தோணியம்மாளிடம் சொன்னாள். "கோயில் நடுவுல, ஊர்ச்சனம் பாக்க, இந்தக் கவுன் பிளந்து விழணும்க்கா. அந்தப் பெரிய வீட்டு மானம் அங்கன கப்பலேறணும்." சொன்னதோடு நில்லாமல், இற்றுப்போன நூலாகப் பார்த்து எடுத்தும் வைத்தாள்.

பெண் பிளாரன்ஸ், வேம்பாரில் தோணி முதலாளி ஒருவரின் மகள். அளவு கொடுக்க வந்தவள் கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினாள், திரும்பச் சொன்னால் திரும்பினாள். முகத்தில் கல்யாணக் களையே இல்லை. அப்பாவின் தோணியை ஓட்டிய தண்டல்மேல் அவளுக்குப் பிரியமாம். கார்த்திகைப் புயலில் தோணியோடு அவனும் போய்விட்டான், கண்ணீர் காய்வதற்குள் இந்தச் சம்பந்தத்தைப் பேசிவிட்டார்கள் என்று துணைக்கு வந்த சித்திக்காரி குசுகுசுத்தாள்.

இரண்டாம் தடவை போட்டுப் பார்க்க வந்தபோது, அல்போன்சா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவளோடு வெகுநேரம் பேசினாள். வெளியே வந்த பிளாரன்சின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

மாப்பிள்ளையின் யோக்கியதையைச் சொல்லிவிட்டாள், இனிக் கல்யாணம் நின்ற மாதிரிதான் என்று அந்தோணியம்மாள் நினைத்தாள்.

நடந்ததோ வேறு. அன்று சாயங்காலமே அல்போன்சா பிலோமினா வீட்டுக்குப் போனாள். "ஈஸ்டருக்குப் பொறவுன்னு தள்ளிப் போடாதிய மாமி. இந்த உப்புக் காத்துல வெள்ளைப் பட்டு மஞ்சளடிச்சுப் போகும். தபசுக்காலம் தொடங்கிட்டா கல்யாணம் வைக்க முடியாது, அதுக்கு முன்னயே முடிச்சிருங்க." பிலோமினா அதை நம்பி நாளை முன்னுக்குக் கொண்டுவந்தாள்.

பழி தீர்க்க இவளுக்கு இத்தனை அவசரமா என்று பட்டது அந்தோணியம்மாளுக்கு.

கல்யாணத்தன்று கோயிலில் அந்தோணியம்மாள் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, பெண்ணின் இடுப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். மார்புக்குக் கீழே சுருக்கு வைத்து, அலை இறங்குகிற மாதிரி தொளதொளவென்று இறங்கியிருந்தது கவுன். பெண் முழங்காலிட்டாள், எழுந்தாள். ஒரு தையல்கூட விடவில்லை.

மோதிரம் மாற்றினார்கள். வில்பிரட் தாலியும் கட்டினான். சாமியார் சேர்த்து வைத்ததை இனி யாராலும் பிரிக்க முடியாது.

"மனசு மாறிட்டியாளா?" என்று அல்போன்சாவின் காதில் கேட்டாள் அந்தோணியம்மாள்.

"கவுன் கிழிஞ்சா ஒரு நாள் கேவலம். அது பத்தாதுக்கா."

அந்தோணியம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் கழுத்து நிறைய நகையோடு பிலோமினா வந்துவிட்டாள்.

"இடுப்பை இறுக்கிப் பிடிக்கலியேன்னு பாத்தேன்."

"கொழும்புல இப்ப இதான் நாகரிகம் மாமி."

பிலோமினாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, எங்க வீட்டு வாசப்படி மிதிக்கணும்னா இப்படி இருக்கணும். கண்டதுகளுக்கும் அந்தக் குடுப்பினை உண்டா? சீக்கிரம் ஒரு பேரனைக் குடுன்னு மாதாகிட்ட வேண்டிட்டு வாரேன். எங்க வம்சம் தழைக்கணும்."

சொல்லிவிட்டு மருமகளின் முக்காட்டைச் சரிசெய்யப் போனாள். அந்தோணியம்மாள் அல்போன்சா பக்கம் குனிந்தாள்.

"கித்தேரிய அந்தப் பாடு படுத்துனவளுக்கு மாதா பேரனைக் குடுப்பாளாக்கும்?"

அல்போன்சா மணப்பெண்ணையே பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"குடுத்து மூணு மாசமாச்சுக்கா."