இருபது வினாடி

“டிவிடி மெனுவுக்குப் பின்னால எந்தக் காட்சி ஓடணும்னு ஸ்டுடியோவுல கேக்குறாங்கப்பா.”

“நீ மாலையோட சிரிச்சுக்கிட்டே திரும்புவியே, அது.”

“இருபது செகண்டுதான். திரும்பத் திரும்ப அதேதான் வரும். உங்களுக்கே சலிச்சிடும்.”

“எனக்கு எப்படிம்மா சலிக்கும்?”

கல்யாண டிவிடி தயாரானபோது ஏகாம்பரமும் மகள் தரங்கிணியும் பேசிக்கொண்டது அது. அவள் முதல் பிரசவத்தில் இறந்து மூன்று வருடங்களாகின்றன. தினமும் சாயங்காலம் அவர் அந்த டிவிடியைப் போடுவார். அவள் திரும்புவாள்; சிரித்து முடிப்பதற்குள் மறுபடி முதலிலிருந்து திரும்புவாள். கீழே முகூர்த்தம், வரவேற்பு, வழியனுப்புதல் என்று மூன்று பொத்தான்கள். எதையும் அவர் அழுத்தியதில்லை. படம் ஓடினால் முடிவில் அவள் காரில் ஏறிப் போய்விடுவாள்.

ஏறுவதற்கு முன் அவள் அம்மா வேதவல்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதுவும் அந்த டிவிடியில்தான் இருக்கிறது. வேதவல்லி மூன்று வருடங்களாகச் சமையலறை வாசலோடு நின்றுவிடுவாள். இன்று ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்து கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னங்க, நீங்க வேணா கண்ணை மூடிக்கோங்க. அந்தக் கடைசிப் பொத்தானை மட்டும் ஒரு தடவை அமுக்குங்க.”